நனைஞ்ச தண்டவாளத்துக்கு நாற்பத்தொன்றாம் இடம்

என் கல்யாண டின்னரில் ஒரு பாட்டுப் போட வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஜொகூர் பாருவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் பாட்டுப் போடுகிறார்கள்! கார் கழுவுகிறவர் போடுகிறார், ரொட்டி சானாய் வீசுகிறவர் போடுகிறார், என் மேல்மாடிக்காரர் குளிக்கப் போனாலே போடுகிறார். ஒருவரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நான் மட்டும் ஒரு சங்கத்தில் சேர்ந்து, துணைக்குழுவுக்கு முன்னால் நின்று, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மைக் பிடித்து, கடைசியில் ஒரு பிரியாணி அண்டாவின் தயவில் கரையேற வேண்டியிருந்தது. தலையெழுத்து, வேறென்ன சொல்ல.

லேடாங் எலெக்ட்ரிக்ஸ் என்று ஒரு குழு இருந்தது. எழுபதுகளில் தங்காக்கில் ஒரு துணிக்கடை மாடியில் வாசித்துப் பழகிய நான்கு பேர். தமிழில் ராக் பாட்டு. பாடியவர் சில்வர் செல்லப்பன், சிகாமட்காரர். லீட் கிட்டார் ராயப்பன், தங்காக். பேஸ் கிட்டார் சுப்ஹான். டிரம்ஸ் மூர்த்தி. நால்வரும் ஆளுக்குக் கொஞ்சம் பாட்டு எழுதினார்கள்; எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று. அதில் மூர்த்தி எழுதியது ஒன்றே ஒன்று, ‘நனைஞ்ச தண்டவாளம்’. சிகாமட்டில் வெள்ளம் வந்து ரயில் நின்றுபோக, காதலியைப் பார்க்கப் போக முடியாமல் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருப்பவனின் பாட்டு. முதலில் டிரம்ஸ் மட்டும் தனியாக முழங்கும். சளைக்காமல் முழங்கும். அதற்கப்புறம்தான் கிட்டார் வரும், அதற்கும் அப்புறம்தான் செல்லப்பன் வாயைத் திறப்பார்.

எனக்கும் யோகேஸ்வரிக்கும் அந்தப் பாட்டுதான் தரகர். இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. எனக்குக் கிடங்கில், அவளுக்குப் பல் கிளினிக்கில். ஒருநாள் எல்லைப் பாலத்து நெரிசலில் பஸ் அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் பழைய பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த டிரம்ஸ் வந்ததும் நான் முன்சீட்டின் முதுகில் தாளம் தட்டினேன். பக்கத்து சீட்டிலிருந்து இன்னொரு கை அதே தாளத்தைத் தட்டியது. முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஆள் எழுந்து எங்கள் இருவரையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினார். சேர்ந்து திட்டு வாங்கினால் பழக்கம் வராமல் போகுமா? கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் முடிவு செய்ததும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“நக வேணாம், ஹனிமூனுக்கு லங்காவி போதும். ஆனா டின்னர்ல நாம ரெண்டு பேரும் ஹாலுக்குள்ள நடந்து வர்றப்ப அந்தப் பாட்டு போடணும். முழுசா. நடுவுல கட் பண்ணக் கூடாது. இல்லேன்னா நான் உள்ள வர மாட்டேன் லா, வாசல்லயே நிப்பேன்.”

அவள் நிற்பேன் என்றால் நிற்பாள். எனக்கும் வேறு எந்தப் பாட்டுக்கும் நடந்து வர மனசில்லை. இதென்ன பெரிய காரியம், டி.ஜே.யிடம் சொன்னால் போடப்போகிறான் என்று நினைத்தேன். அவளுடைய அப்பா யார் என்பதை அவள் அதுவரை சரியாகச் சொல்லவில்லை. “அப்பா ஒரு சங்கத்துல இருக்காரு” என்றுதான் சொல்லியிருந்தாள். எந்த அப்பா சங்கத்தில் இல்லை?

சிகாமட்டில் அவர்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் அப்பா கமலநாதன் மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

“எந்தப் பாட்டு மாப்ள?”

“நனைஞ்ச தண்டவாளம், மாமா.”

“அது நாப்பத்தொண்ணு.”

“என்ன நாப்பத்தொண்ணு?”

“இடம்.”

அப்புறம் பொறுமையாக விளக்கினார். அகில ஜொகூர் லேடாங் எலெக்ட்ரிக்ஸ் பாடல் தரவரிசை மன்றம். முறையாகப் பதிவு பெற்றது. தலைவர் அவர்தான்; எதிர்த்து நிற்க ஆளில்லாமல் பத்தொன்பது வருஷமாக அவர்தான். குழுவில் யார் எழுதிய பாட்டு உயர்ந்தது என்று ஒவ்வொரு வருஷமும் நாற்பத்தொரு பாட்டையும் ஒப்பிட்டு, சீர்தூக்கி, வரிசைப்படுத்தி, கேக் வெட்டி வெளியிடுவார்கள். மன்றத்தில் இரண்டு அணி. செல்லப்பன் பாட்டுதான் பாட்டு என்பது ஒன்று, ராயப்பன் பாட்டுதான் என்பது இன்னொன்று. ஓர் அணிக்காரர் வீட்டு விசேஷத்துக்கு இன்னோர் அணிக்காரர் போவதில்லை. சாப்பாடு நன்றாக இருக்கும் என்று தெரிந்தால் மட்டும் போவார்கள். சுப்ஹானின் பாட்டுகளைப் பற்றி யாருக்கும் எந்தக் கருத்தும் இல்லாததால் அவை வரிசையின் நடுவில் நிம்மதியாக இருக்கின்றன. மூர்த்தி கடைசி.

“டின்னருக்கு மன்றமே வருது மாப்ள. எட்டு மேச. தலைவர் மக நடந்து வர்றப்ப கடைசி ரேங்க் பாட்டா? மறுநாளே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டாந்துடுவானுங்க.”

“பாட்டு நல்லா இருக்கும் மாமா.”

“நல்லா இருக்குறது வேற, ரேங்க் வேற. நீங்க இன்னும் சங்கத்துல சேரல, அதான் இப்படிப் பேசுறீங்க.”

முதல் பத்து இடத்துக்குள் வந்தால் போடலாம், வராவிட்டால் இந்த வருஷத்து முதல் இடப் பாட்டுதான் என்று முடித்துவிட்டார். முதல் இடம், செல்லப்பன் எழுதிய ‘வெள்ளிச் சப்பாத்து’. ஒரு மனுஷன் தன் காலில் கிடக்கும் சப்பாத்தைப் பற்றியே ஐந்து நிமிஷம் பாடுகிற பாட்டு அது.

“அலமாக்!” என்றாள் யோகேஸ்வரி. “சப்பாத்துப் பாட்டுக்கு நான் சேல கட்டிக்கிட்டு நடக்கணுமா? செல்வம், நீ போய் சேரு. எப்படியாவது மேல கொண்டா.”

சேர்ந்தேன். செயலாளர் செல்வராணி அக்காதான் நேர்காணல் செய்தார். கழுத்தில் மன்றத்தின் அட்டை, கையில் மன்றத்தின் பேனா, முகத்தில் மன்றத்தின் கவலை.

“தம்பி எந்தப் பக்கம்? செல்லப்பனா, ராயப்பனா?”

“பாட்டுப் பக்கம் அக்கா.”

“அப்படி ஒரு பக்கம் நம்ம சட்டவிதியில இல்லையேப்பா.”

நீண்ட யோசனைக்குப் பிறகு ‘அணி சேராதவர், தற்காலிகம்’ என்று எனக்கு ஒரு அட்டை அடித்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த இரண்டு அணிக்காரர்களுமே என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்து மறுபரிசீலனைத் துணைக்குழு. சாலையோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் கூடினார்கள். யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதில் பாதி நேரம் போனது. மீதி நேரத்தில் செல்வராணி அக்கா எனக்கு மார்க் போடும் முறையை விளக்கினார். குழுவுக்கு ஆற்றிய சேவைக்கு முப்பது. ஒழுக்கத்துக்கு இருபது. சொந்த ஊருக்கு இருபது. மேடைத் தோற்றத்துக்கு இருபத்தைந்து. பாட்டுக்கு ஐந்து.

“பாட்டுக்கு அஞ்சுதானா அக்கா?”

“அந்த அஞ்சயும் எல்லாப் பாட்டுக்கும் சமமா குடுத்துட்டோம் தம்பி. இல்லேன்னா சண்ட வரும்.”

மூர்த்திக்கு ஒழுக்கத்தில் பெரிய அடி. ஒரு கச்சேரிக்கு வராமலே இருந்துவிட்டாராம்.

“அன்னைக்கு வெள்ளம் அக்கா. ரயில் நின்னுபோச்சு. அதப் பத்தித்தானே அந்தப் பாட்டே!”

“இருக்கலாம். ஆனா காரணத்த எழுத்து மூலமா குடுத்துருக்கணும்.”

மூர்த்தி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இனி எந்த எழுத்தில் கொடுப்பார்? இதை நான் சொன்னதும், பொதுக்கூட்டத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்று தீர்மானம் போட்டுவிட்டு மீ கோரிங் கொண்டுவரச் சொன்னார்கள்.

பொதுக்கூட்டம் சிகாமட்டில் ஒரு மண்டபத்தில். சிறப்பு விருந்தினர், டத்தோ பட்டம் வாங்கிய தங்கராஜு. வருஷா வருஷம் அவர்தான் சிறப்பு விருந்தினர், வருஷா வருஷம் அவர் வருவதில்லை. ஆகவே அவர் முகம் மன்றத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்த முறை கண்டிப்பாக வருகிறார் என்று சொல்லி, காலையிலேயே எங்களுக்கு ஒத்திகை வைத்தார்கள். வாசலில் மேளம் அடித்ததும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். வரவேற்புக் குழு மாலையோடும் பொன்னாடையோடும் கதவுக்கு ஓட வேண்டும். விருந்தினர் மேடையில் உட்கார்ந்ததும் மேளம் நிற்கும். விருந்தினர் உட்காராமல் உறுப்பினர் யாரும் உட்காரக் கூடாது, இது சட்டவிதி. எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, எனக்கு முட்டி வலியே வந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் நால்வரின் பெரிய படம். முன்னால் செல்லப்பனும் ராயப்பனும் தோளோடு தோள் உரசிக்கொண்டு. கொஞ்சம் தள்ளி சுப்ஹான். எல்லாருக்கும் பின்னால், டிரம்ஸுக்கு மேலே, மூர்த்தியின் தலைமுடி மட்டும். டத்தோ வரத் தாமதமானதால் மாமா தலைமையுரையைத் தொடங்கினார்.

“எப்படி ரேங்க் பண்றீங்கன்னு சில பேர் கேக்குறாங்க. நம்மகிட்ட ஒளிவு மறைவு கெடையாது. மார்க்கெல்லாம் போட்டு முடிச்சதும் இந்தப் படத்தோட ஒத்துப் பாப்போம். முன்னால இருக்குறவர் முன்னால, பின்னால இருக்குறவர் பின்னால. ஒத்து வரலேன்னா மார்க்கத் திருத்துவோம். ஏன்னா அந்தக் காலத்துலயே அவங்களா முடிவு பண்ணித்தான் நின்னுருக்காங்க. அத மாத்த நாம யாரு?”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. டத்தோவைக் காணோம். பின்கட்டிலிருந்து வெங்காயம் வதக்கும் வாசம்கூட வரவில்லை; பிரியாணி வெளியிலிருந்து வருகிறது என்று உறுப்பினர்கள் தங்களுக்குள் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். “டத்தோ வர்ற வரைக்கும் மாப்ளயோட தீர்மானத்த எடுத்துக்கலாம், ஒண்ணும் ஆகப் போறதில்ல” என்று மாமா மைக்கிலேயே சொன்னார்.

நான் எழுந்து, மரியாதையாக, ஒரே ஒரு யோசனை சொன்னேன். பாட்டை ஒரு தடவை இங்கே போட்டுக் காட்டட்டுமா? பிடித்திருந்தால் மேலே ஏற்றுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

உடனே ராயப்பன் அணியிலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார். “கேட்டுட்டு ரேங்க் பண்றதா? இது ஒருதலப்பட்சம்!” செல்லப்பன் அணியிலிருந்து ஒருவர் எழுந்து அவரை ஆமோதித்தார். மன்ற வரலாற்றில் இரண்டு அணியும் ஒன்றுபட்டது அன்றைக்குத்தான் முதல் முறை என்று பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“மாப்ள, பாட்டக் கேட்டா புடிச்சுப் போயிடும். புடிச்சுப் போனா நடுநில போயிடும். நானும் ஆரம்பத்துல கொஞ்சம் கேட்டவன்தான், மறைக்கல. தலைவரானதும் விட்டுட்டேன். பத்தொம்போது வருஷமா ஒரு பாட்டுகூட முழுசா இந்தக் காதுல விழுந்ததில்ல. இந்தச் சுத்தம்தான் நம்ம மன்றத்தோட பலம்!”

மறுபடி கைதட்டல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஆள் வீட்டுக்கா மருமகனாகப் போகிறோம் என்று நொந்துகொண்டேன். யோகேஸ்வரியைத் தேடினேன். அவள் ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் போய் நின்று, தன் கைப்பேசியை அதில் மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அமுக்கிவிட்டாள்.

மூர்த்தியின் டிரம்ஸ் இடிமாதிரி இறங்கியது.

அவ்வளவுதான். மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. காலையிலிருந்து பழக்கின பழக்கம் ஆயிற்றே! வரவேற்புக் குழு மாலையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடியது. கதவு திறந்தது. வந்தவர் பிரியாணிக் கடை முஜிபுர் ரஹ்மான் பாய், தள்ளுவண்டியில் அண்டாவோடு.

“அண்ணே, நான் பிரியாணி...”

“தெரியும் டத்தோ, தெரியும், வாங்க வாங்க!”

கழுத்தில் மாலை விழுந்தது, தோளில் பொன்னாடை ஏறியது. அண்டாவை யாரோ அவர் கொண்டுவந்த அன்பளிப்பு என்று நினைத்து அதற்கும் பன்னீர் தெளித்தார்கள். நான்கு பேர் தாங்கிப் பிடித்து மேடைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்ததும், ஒலிபெருக்கிக்காரர் விதிப்படி டக்கென்று பாட்டை நிறுத்தினார். கிட்டார் வரப்போகிற இடம் அது. யோகேஸ்வரியின் முகம் சுருங்கிப்போனது.

பாய் கையில் மைக் கொடுத்தார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். பிரியாணி ரெடி. நல்லா சூடா இருக்கு. நீங்க பேசிக்கிட்டே இருந்தா ஆறிடும்.”

அவ்வளவுதான் உரை. மன்றம் எழுந்து நின்று கைதட்டியது. “என்ன ஒரு ஆழம்!” என்றார் பக்கத்தில் இருந்தவர். செல்வராணி அக்கா ஒரு வார்த்தை விடாமல் கூட்டக்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார்.

டத்தோவின் கார் தங்காக்கிலேயே வேறொரு திறப்பு விழாவுக்குத் திரும்பிவிட்டது என்று தொலைபேசி வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. போட்ட மாலையைக் கழற்றினால் மன்றத்துக்கு அசிங்கம். தவறான ஆளை வரவேற்றோம் என்று ஒப்புக்கொண்டால் அதைவிட அசிங்கம். அவசரமாகக் கூடிப் பேசி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். சிறப்பு விருந்தினராக வந்தது பாய்தான், அழைத்ததும் பாயைத்தான். அவரை வரவேற்று ஒலித்தது பாட்டு அல்ல, மன்றத்தின் அதிகாரபூர்வ வரவேற்பு மேளம். ஆகவே ‘நனைஞ்ச தண்டவாளம்’ பாட்டே கிடையாது, வரிசையிலிருந்து நீக்கப்படுகிறது, இனி மொத்தம் நாற்பது. முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், மிச்சப் பிரியாணியைப் பொட்டலமாகப் புங்குஸ் கட்டிக்கொண்டு போனார்கள்.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். வாசலில் என் தோளைத் தட்டினார்.

“பிரச்சன தீந்துச்சு மாப்ள! பாட்டா இருந்தாத்தானே ரேங்க்? இப்ப அது மேளம். டின்னர்ல தாராளமா போட்டுக்கலாம். நீங்க ரெண்டு பேரும் நடந்து வந்து உக்காந்ததும் நிப்பாட்டிடுவாங்க.”

“முழுசா போட முடியாதா மாமா?”

“விருந்தினர் உக்காந்தப்புறம் மேளம் எதுக்கு? விதி விதிதான்.”

கதவிலிருந்து மேடைக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மூர்த்தியின் டிரம்ஸ் முடிவதற்குள் உட்கார்ந்துவிடுவோம். கிட்டாரும் இல்லை, குரலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. யோகேஸ்வரி ஜொகூர் பாரு வந்து சேரும்வரை கைப்பேசியில் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டின்னர் நாள் வந்தது. மன்றத்தின் எட்டு மேசையும் நிரம்பி வழிந்தது. சமையல் முஜிபுர் ரஹ்மான் பாய்தான். மாலை போட்ட விருந்தினர் ஆகிவிட்டதால் அவருக்கு அழைப்பிதழும் வைத்திருந்தோம். மூடிய கதவுக்கு வெளியே நானும் அவளும் நின்றோம். வாசலிலேயே நின்றுவிடுவாளோ என்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யோகேஸ், சாரி. என்னால முடியல.”

“ஹாலுக்குள்ள போனதும் நான் என்ன பண்றேனோ அதப் பண்ணு” என்றாள்.

கதவு திறந்தது. டிரம்ஸ் முழங்கியது. எட்டு மேசையும் ஒரே ஆளாக எழுந்து நின்றது. நடந்தோம். மேடை ஏறினோம். இரண்டு சிம்மாசன நாற்காலி, பூ வேலை செய்தது. டி.ஜே.யின் கை பொத்தானுக்குப் போனது. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு குனிந்தேன்.

“உக்காராத” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“என்னது?”

“நாம உக்காந்தாத்தானே நிப்பாட்டுவான்? உக்காராத லா!”

நிமிர்ந்து நின்றேன். டி.ஜே. மாமாவைப் பார்த்தான். மாமா எங்களைப் பார்த்து உட்காருங்கள், உட்காருங்கள் என்று கையைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினார். நாங்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். விருந்தினர் நிற்கும்போது உறுப்பினர் உட்கார முடியாது. முன்மேசையில் ஒருவர் முட்டியைப் பாதி மடக்கினார். செல்வராணி அக்கா ஒரு முறை முறைத்ததும் நிமிர்ந்துகொண்டார். அந்த நேரத்தில்தான் கிட்டார் வந்தது.

ராயப்பன் அணி தலையைத் தூக்கியது. அவர்களுடைய ராயப்பன்தான் வாசிக்கிறார், மூர்த்தி பாட்டில்! கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. செல்லப்பன் அணி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அடியில் சுப்ஹானின் பேஸ் தரையை அதிரவைத்தது. அதைப் பற்றி முதன்முறையாகச் சிலருக்குக் கருத்து வந்தது முகத்தில் தெரிந்தது. யார் பாட்டு என்று நாற்பத்தொன்றையும் பிரித்துப் பிரித்து அடுக்கியவர்களுக்கு, எல்லாப் பாட்டிலும் நாலு பேரும் இருக்கிறார்கள் என்று யாருமே சொல்லவில்லை போலிருக்கிறது.

வெள்ளம் ஏறியது, ரயில் நின்றது, அவன் ஸ்டேஷனில் காத்திருந்தான். யாரோ முன்னால் இருந்த நாற்காலியின் முதுகில் தாளம் தட்டினார்கள். பார்த்தால் பக்கத்து மேசையிலும் தட்டினார்கள். எட்டு மேசையும் தட்டியது. யோகேஸ்வரி என் கையைப் பிடித்திருந்தாள். விரல்கள் என் விரல்களின்மேல் தட்டிக்கொண்டே இருந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமெல்லாம் படவில்லை.

பாட்டு முழுசாக முடிந்தது. நாங்கள் இப்போது உட்கார்ந்திருக்கலாம், உட்காரவில்லை. ஒருவரும் உட்காரவில்லை. மாமா மெதுவாக மேடை ஏறி வந்து, என் மாலையைச் சரிசெய்வதுபோல் காதருகே குனிந்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்திருந்தது.

“மாப்ள... மன்றத்துக்குத் தெரியாம இன்னொண்ணு போடச் சொல்லுங்களேன்.”

நான் பதில் சொல்வதற்குள், யோகேஸ்வரியின் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் செல்வராணி அக்கா வந்தார்.

“தம்பி, தலைவருக்குத் தெரியாம இன்னொண்ணு...”

பின்னால் சாப்பாட்டு மேசையிலிருந்து பாய் அண்டா மூடியைக் கரண்டியால் தட்டிக் குரல் கொடுத்தார். “அண்ணே, ஆறிடும்!”

மன்றத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.